தம்பி விழுங்கிய கேப்சூல்கள்

என் தம்பிக்குக் குடல் முறுக்கிக்கொண்டபோது அவனுக்கு வயது நாற்பத்து மூன்று. எனக்கு நாற்பத்தொன்பது. திண்டிவனத்தில் மேம்பாலத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு ஆகாததற்குக் காரணம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பில், பிரேயரில் நின்றுகொண்டிருந்தபோது அவனுக்கு முதல் வலிப்பு வந்தது. எனக்கு ஆகாததற்கு அப்படிச் சொல்லும்படியான காரணம் எதுவும் இல்லை. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருநாள் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அவன் ஒரு பத்திரிகை அச்சடிக்கும் கடையில் கம்ப்யூட்டரில் டைப் செய்கிறவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் அவன் கையால்தான் போகும். நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் கிளார்க். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் வருவேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று போகும் வண்டி அது. உட்கார இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.

தம்பி வலிப்புக்கு ஒரு கேப்சூல் சாப்பிட்டுவந்தான். பாதி நீலம், பாதி வெள்ளை. காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை ஏழு மணிக்கு ஒன்று. அந்தக் கேப்சூல் ஆரம்பித்துப் பதினோரு வருடமாக அவனுக்கு வலிப்பு வரவில்லை. அந்தப் பதினோரு வருடத்தில் நான் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. உள்ளே என்ன இருக்கிறது, வயிற்றுக்குள் போய் அது என்ன ஆகிறது என்று நினைத்ததும் இல்லை. விழுங்குவான், தண்ணீர் குடிப்பான், சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவான்.

ஒரு நாள் மதியம் அச்சகத்துக்காரர் பள்ளிக்கூடத்துக்கு போன் செய்தார்.

"அம்மா, தம்பி வயித்தப் புடிச்சிக்கினு கீழ உக்காந்துட்டாருங்க. வாந்தி நிக்கவே இல்ல. இங்க டாக்டர் பாத்துட்டு உடனே விழுப்புரம் கொண்டு போங்கன்னுட்டாரு. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம். நீங்க ஆஸ்பத்திரி வாசல்லயே நில்லுங்க."

நின்றேன். வெயில் அடித்தது. வண்டி வந்ததும் பின்கதவைத் திறந்தார்கள். அவன் முகம் சாம்பல் பூத்ததுபோல் இருந்தது. என்னைப் பார்த்து, "மாத்திர டப்பா கடையில இருக்குக்கா," என்று மட்டும் சொன்னான்.

அறுவை சிகிச்சை டாக்டர் என்னைவிட வயதில் சிறியவர். ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "குடல் முறுக்கிக்கிட்டு ரத்தம் போகாம கறுத்துப்போச்சும்மா. கொஞ்ச நீளம் இல்ல, நிறையவே எடுக்க வேண்டியிருக்கும். உடனே சேத்துத் தச்சா தங்காது. குடலோட முனைய வயித்து வழியா வெளிய கொண்டுவந்து, அதுல பை மாட்டிவிடுவோம். சாப்பிடறது அதுல வந்துடும். நாலஞ்சு மாசம் கழிச்சு திரும்ப உள்ள சேத்துடலாம்."

நான்கு இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் பேனா எழுதவில்லை. நர்ஸ் தன் சட்டைப் பையிலிருந்து வேறு பேனா கொடுத்தார். போட்டுக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்து முந்தானையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். வரவில்லை. பல்லுக்கு மரத்துப்போகிற ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்கும் இல்லையா, அதுபோல் இருந்தது. அது அன்றோடு விட்டுவிடும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் அப்படியேதான் இருந்தேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பதினாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வலிப்புக்கு மருந்தை ஊசியாகவே போட்டார்கள். கடைசி நாளில் ஒரு நர்ஸ் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, பையை எப்படிக் காலி செய்வது, எப்படிக் கழுவுவது, எப்போது மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்தார். பையின் அடியில் ஒரு கிளிப். கிளிப்பை எடுத்தால் உள்ளே இருப்பது கொட்டும். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி சுவரில் இருந்த கைகழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்த அன்றே சொல்லிவிட்டான். "பையெல்லாம் நான் பாத்துக்கறேன்க்கா. நீ உள்ள வராத."

"தனியா முடியுமாடா?"

"முடியும். நீ வெளிய இரு."

பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொள்வான். குழாய்ச் சத்தம் கேட்கும். அரை மணி நேரம் கழித்து வெளியே வருவான், முகம் கழுவியிருப்பான். நான் எதுவும் கேட்கமாட்டேன். பழைய நீலக் கேப்சூலை மறுபடி ஆரம்பித்திருந்தோம். காலை ஏழு, மாலை ஏழு, இரண்டு வேளையும் நானே கையில் எடுத்துக் கொடுத்தேன். அவன் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நின்றேன்.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள், சாப்பிட உட்கார்ந்தவனுக்கு வலிப்பு வந்தது. கையிலிருந்த தம்ளர் உருண்டது. பதினோரு வருடம் ஆகியும் என் கைகளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், தலைக்குக் கீழே துண்டை வைத்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதல். விட்டபிறகு அவன் என்னைப் பார்த்து, "வந்துச்சா?" என்றான். "வந்துச்சு," என்றேன். கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் விழுப்புரத்தில் நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். தம்பியைத் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுக்கவைத்துக் கண், கை, கால் எல்லாம் பார்த்தார். பிறகு வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"மாத்திரைய எத்தன நாள் விட்டாரு?"

"விடலைங்க டாக்டர். நானேதான் எடுத்துக் குடுக்கறேன்."

"இவ்வளவு வருஷம் கேட்ட மருந்து திடீர்னு கேக்காம போகாதும்மா. பெரிய ஆபரேஷன் ஆனவங்க சில பேரு மனசு விட்டுப்போயி மருந்த ஒதுக்கிடுவாங்க. வாயில வச்சுக்கிட்டு அப்புறம் துப்பிடுவாங்க. நல்லா யோசிச்சு சொல்லுங்க."

நான் யோசித்தேன். தண்ணீர் குடித்ததும் அவன் நேராக பாத்ரூமுக்குத்தான் போகிறான். கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறான். உள்ளே என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியாது.

"துப்பியிருந்தாலும் துப்பியிருப்பான் டாக்டர்," என்றேன். "ஆபரேஷன் ஆனதுலேர்ந்து அவனுக்கு எதுலயும் மனசில்ல."

டாக்டர் எழுதிக்கொண்டார். இனிமேல் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், மறுபடி வந்தால் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். திரைக்குப் பின்னால் தம்பி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் தலையணை உறையைக் கழற்றிப் பார்த்தேன். மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். ஜன்னல் கம்பிக்குக் கீழே, அலமாரிக்குப் பின்னால், அவன் சட்டைப் பைகளில். ஒரு சீப்பும், பழைய பஸ் டிக்கெட்டும், அச்சகத்தில் கொடுத்த சாவியும் கிடைத்தன. கேப்சூல் எதுவும் இல்லை. இல்லை என்றதும் சாக்கடையில் போட்டிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அன்று மாலையிலிருந்து விழுங்கியபிறகு அவனை வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கைத் தூக்கச் சொன்னேன். அவன் தூக்கிக் காட்டினான்.

லீவு முடிந்து நான் வேலைக்குப் போன இரண்டாவது நாள் மறுபடி வலிப்பு வந்தது. மாலை வண்டியில் வந்து மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். திறக்க நேரமானது. அவனே வந்து திறந்தான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். நெற்றியில் புடைத்திருந்தது.

"பாத்ரூம் வாசல்ல உழுந்துட்டேன் போல," என்றான். "எப்பன்னு தெரியல."

மணிக்கட்டில் எலும்பு விரிசல். திண்டிவனத்திலேயே மாவுக்கட்டுப் போட்டார்கள், முழங்கை வரைக்கும். விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு கையால் அந்தக் கிளிப்பை எடுக்க முடியாது.

மறுநாள் நான் மறுபடி லீவு போட்டேன். காலை ஒன்பது மணி இருக்கும். அவன் பாத்ரூமில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தான். பனியனைத் தூக்கிப் பல்லில் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் தரையில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்ததற்குப் பிறகு அன்றுதான் அந்தப் பையைப் பார்க்கிறேன். முக்கால்வாசி நிறைந்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு அருவருப்பு வரவில்லை. பரிதாபமும் வரவில்லை. கிளிப்பை எடுத்து மக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன்.

தண்ணீராகத்தான் வந்தது. காலையில் சாப்பிட்ட இட்லியின் துணுக்குகள் தெரிந்தன. அதோடு சிறு சிறு வெள்ளைக் குருணைகள் வந்து மக்கின் அடியில் தங்கின. முதலில் ரவை என்று நினைத்தேன். நாங்கள் ரவை செய்யவில்லை. பிறகு பையின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒன்று கண்ணில் பட்டது. ஈரக் காகிதம்போல் சுருங்கிய, நீலமான ஒரு துணுக்கு.

"இன்னாக்கா?" என்றான் தம்பி. நான் அசையாமல் இருந்திருப்பேன் போல.

"காலையில போட்ட மாத்திர வந்திருக்குடா."

அவன் திரும்பினான். கடித்திருந்த பனியன் நழுவியது. மக்கை அவன் பக்கம் சாய்த்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அப்ப நான் முழுங்கிக்கினுதான் இருந்திருக்கேன்," என்றான்.

"ம்."

"டாக்டர்கிட்ட துப்பறான்னு சொன்னியே."

திரைக்குப் பின்னால் கேட்டிருக்கிறது. இரண்டு வாரமாக அதை மனதில் வைத்துக்கொண்டுதான் எனக்கு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தெரிந்தது. ஆனால் வாய்வரைக்கும் எதுவும் வரவில்லை. "கைய எடு, கழுவணும்," என்றேன். அவன் கையை எடுத்தான்.

குருணைகளை டீ வடிகட்டியில் ஊற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசினேன். பழைய ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கொதிநீரில் கழுவி அதில் போட்டு மூடினேன். அந்த வடிகட்டியை அதற்குப் பிறகு சமையலுக்கு எடுக்கவில்லை. அட்டையிலிருந்து புதுக் கேப்சூல் ஒன்றைப் பிரித்துத் திறந்து பார்த்தேன். உள்ளே அதே குருணைகள். கடுகைவிடச் சின்னதாக, உருண்டையாக. பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பைக்குள் போய்வந்தவை கொஞ்சம் மங்கலாக இருந்தன. மற்றபடி வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

நரம்பு டாக்டர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு காகிதத்தை எடுத்து ஒரு வட்டம் போட்டார்.

"இந்தக் கேப்சூலோட மேல்தோல் வயித்துலயே கரைஞ்சிடும். உள்ள இருக்கற ஒவ்வொரு குருணைக்கும் தனியா ஒரு தோல் இருக்கு. அது வழியா மருந்து கொஞ்சம் கொஞ்சமா கசியும். பன்னெண்டு மணி நேரத்துக்கு வர்ற மாதிரி செஞ்சிருக்காங்க. சில பேருக்கு மருந்தெல்லாம் கசிஞ்சு போயி வெறும் தோல் மட்டும் வெளிய வரும். அது பரவாயில்ல. ஆனா உங்க தம்பிக்கு குடல்ல பெரும்பகுதி இப்ப இல்ல. உள்ள போனது சீக்கிரமே வெளிய வந்துடுது. மருந்து கசியறதுக்குள்ள குருணையே வந்துடுதோ என்னமோ. இது வெறும் தோலா, மருந்தோட இருக்கான்னு பாத்தவுடனே என்னால சொல்ல முடியாது."

"எப்படித் தெரியும் டாக்டர்?"

"ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். பாண்டிச்சேரிக்கு அனுப்புவாங்க, மூணு நாள் ஆகும். அந்த மூணு நாளும் நீங்க ஒண்ணு செய்யுங்க. எத்தன மணிக்கு முழுங்கறாரு, எத்தன மணிக்குப் பையில வருது, என்ன மாதிரி வருதுன்னு எழுதுங்க. ஒரு நாள் மதியம் பீட்ரூட் குடுங்க. சிவப்பு எப்ப வருதுன்னு பாத்தா குடல் எவ்வளவு வேகமா தள்ளுதுன்னு தெரிஞ்சிடும்."

அந்த மூன்று நாளும் வலிப்பு வராமல் இருக்கத் துணைக்கு வேறொரு மருந்தும் கொடுத்தார்.

காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினேன். முதல் நாள் ஏழு மணிக்குக் கேப்சூல். ஏழு நாற்பதுக்குப் பையில் வெறும் தண்ணீர், டீ நிறம். எட்டு பத்துக்கு நீலச் சாயம் கொஞ்சம், குருணை இல்லை. எட்டு ஐம்பத்தைந்துக்குக் குருணைகள், ஏறக்குறைய எல்லாமே. பன்னிரண்டு மணி நேரம் உள்ளே இருக்க வேண்டியது இரண்டு மணி நேரம்கூட இருக்கவில்லை.

அந்த மூன்று நாளில் நாங்கள் பேசியது கொஞ்சம்தான். "வந்துச்சா?" என்பான். "இன்னும் இல்ல," என்பேன். அவன் இப்போது சுவர்ப்பக்கம் திரும்புவதில்லை. அவனும் குனிந்து பார்த்தான். ஒருமுறை நான் எழுதியதைப் படித்துவிட்டு, "எட்டு பத்து இல்லக்கா, எட்டு அஞ்சு. நான் மணி பாத்தேன்," என்றான். திருத்தினேன்.

பீட்ரூட் பொரியலைப் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டான். சொல்லி வைத்திருந்தும், இரண்டு மணி சுமாருக்குப் பை சிவந்ததும் பயந்துவிட்டான்.

"அக்கா, ரத்தம்."

"பீட்ரூட்டுடா."

அவன் என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான், பிறகு சிரித்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் "இரண்டு ஐந்து, சிவப்பு" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் காலை ஒரு காரியம் செய்தேன். அதை ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அன்று வந்த குருணைகளை நன்றாக அலசி, இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து அழுத்தினேன். நசுங்கி உள்ளிருந்து வெள்ளையாக மாவு வந்தது. வெறும் தோல் இல்லை. மாவு இருக்கிறது. ஆனால் அது மருந்துதானா? புதுக் கேப்சூலைத் திறந்து அதிலிருந்து இரண்டு குருணையை அதே மாதிரி நசுக்கினேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கசந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு, பைக்குள்ளிருந்து வந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தேன். அதே கசப்பு.

சமையலறை ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடியில் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் தம்பியின் குடலிலிருந்து வந்ததை நான் வாயில் வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். உடம்பு கூசவில்லை. குமட்டவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. பல் தேய்த்தேன். காலண்டர் தாளில், "நசுக்கினால் மாவு இருக்கிறது" என்று மட்டும் எழுதினேன்.

நான்காம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் அதையும் என் காலண்டர் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தம்பி இந்த முறை திரைக்குப் பின்னால் இல்லை, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"இருக்க வேண்டிய அளவுல பாதிகூட இல்ல," என்றார் டாக்டர். "நீங்க எழுதினதும் சரியாப் பொருந்துது. நசுக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க. கசந்துது."

"யாருக்கு?"

"எனக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தம்பி என் பக்கம் திரும்பியது தெரிந்தது. நான் மேசை மேல் இருந்த காலண்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்படியெல்லாம் செய்யாதீங்கம்மா," என்றார் டாக்டர். பிறகு தம்பியிடம் பேசினார். "நீங்க மருந்த ஒழுங்காத்தான் போட்டிருக்கீங்க. உங்க மேல தப்பே இல்ல. நான்தான் வேற மாதிரி நெனச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

தம்பியின் கண் கலங்கியது. கட்டுப்போட்ட கையைத் தூக்கித் துடைக்கப் போனான், முடியவில்லை. இன்னொரு கையால் துடைத்துக்கொண்டான். டாக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் முன்பே சொல்லியிருக்கலாம். அப்போதாவது சேர்ந்து சொல்லியிருக்கலாம். நான் தாளை மடித்துப் பையில் வைக்கப் போனேன். டாக்டர், "அது இங்க இருக்கட்டும்," என்று வாங்கிக்கொண்டார்.

நீலக் கேப்சூலை நிறுத்திவிட்டு அதே மருந்தைச் சிரப்பாகக் கொடுத்தார்கள். சிரப் உடனே உள்ளே ஏறிவிடும், நேரம் பிடிக்காது. ஆனால் ஒரு நாளைக்கு நான்கு வேளை. வேறு மாத்திரைகளையும் பார்த்து, முழுசாக விழுங்கக்கூடாதவற்றை மாற்றினார்கள். பை நிறைவதைக் குறைப்பதற்கான ஒரு கேப்சூலை மட்டும் திறந்து தயிர் சாதத்தில் கொட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தபோது மருந்து சரியான அளவில் இருந்தது. வலிப்பு வரவில்லை.

டாக்டர் மன்னிப்புக் கேட்ட அன்று மாலை, தம்பி கேட்டான்.

"நெஜமாவே வாயில வச்சியாக்கா?"

"ம்."

"உனக்கு ஒரு மாதிரி இல்லையா?"

"இல்லடா."

"என் மேல பாசம்னு எடுத்துக்கறதா?"

பாசம் என்று சொல்லியிருந்தால் அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். பொய்யாகவும் இருந்திருக்காது. ஆனால் அன்று ஸ்பூனை அழுத்தியபோது எனக்குள் அப்படி எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

"சரி வுடு," என்றான். "நீ மூணு வாரமா சரியா சாப்புடல. மொதல்ல சாப்புடு."

அவனே இடது கையால் எனக்குத் தட்டு எடுத்து வைத்தான்.

"துப்பறன்னு சொன்னது தப்புதான்டா," என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"ஆமா," என்றான். "பேஜாராத்தான் இருந்துச்சு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

மணிக்கட்டு சேர்ந்து கட்டைப் பிரித்ததும் பாத்ரூம் கதவை மறுபடி சாத்திக்கொண்டான். தாழ் போடுவதை மட்டும் விட்டுவிட்டான். நான் வேலைக்குப் போகத் தொடங்கினேன். அவன் சிரப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, பாதி நாள் மட்டும் என்று சொல்லி அச்சகத்துக்குப் போனான். சட்டையை வெளியே விட்டுக்கொண்டு போவான். அங்கே யாருக்கும் பை இருப்பது தெரியவில்லை என்று ஒருநாள் சொன்னான். முதலாளிக்குத் தெரியும், அவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் குடலை உள்ளே சேர்த்துத் தைத்தார்கள். இந்த முறையும் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை பேனா எழுதியது. மூன்றாம் நாள் மதியம் நான் ஆஸ்பத்திரிக்கு வெளியே டீ வாங்கிக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான்.

"அக்கா, காத்து பிரிஞ்சிடுச்சு."

"இன்னாடா?"

"காத்து பிரிஞ்சிடுச்சு. டாக்டர் கைகுடுத்துட்டுப் போறாரு. நர்ஸெல்லாம் சிரிக்கறாங்க."

குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். டீக்கடைக்காரர் மிச்சச் சில்லறையை நீட்டிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டு, பிளாஸ்கை மூடிக்கொண்டு, மாடி ஏறினேன். தம்பி வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்க வேண்டிய நேரம் அது என்று தெரிந்ததால் பிடித்தேன்.

பழைய கேப்சூலுக்கு உடனே போகவில்லை. இரண்டு மாதம் சிரப்பிலேயே வைத்திருந்து, பிறகு கேப்சூலுக்கு மாற்றி, ரத்தத்தில் மருந்து நிற்கிறதா என்று பார்த்தார்கள். நின்றது. மிச்சமிருந்த குடல் மெதுவாகப் பழகிக்கொண்டுவிட்டது, இனிமேல் கவலை இல்லை என்றார் டாக்டர்.

போன மாதம் செக்கப்புக்கு அவன் தனியாகவே விழுப்புரம் வந்துபோனான். நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றான். பன்னிரண்டு மணிக்கு போன் செய்து, "முடிஞ்சிருச்சுக்கா. எல்லாம் நார்மல். பஸ் ஏறிட்டேன்," என்றான். சரி என்று வைத்துவிட்டு, பாதியில் விட்டிருந்த மாற்றுச் சான்றிதழை எழுதி முடித்தேன்.

எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். மயிலத்தில் ஏறி என்னோடு அதே வண்டியில் வருகிறவர். நான் லீவு போட்ட நாட்களிலெல்லாம் என் மேசை வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். அன்று மாலை வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி எப்படிம்மா இருக்காரு?"

"நல்லா இருக்கான் டீச்சர். இன்னிக்குத் தனியாவே வந்துட்டுப் போனான். எல்லாம் நார்மல்னுட்டாங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு அவர் அழ ஆரம்பித்தார். சத்தம் இல்லாமல், கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. எதிர் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இந்த ஒரு வருஷம் நீங்க பட்டத நான் பாத்துக்கினுதானே இருந்தேன்," என்றார்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அவரிடம் கொடுத்தேன். அவர் குடித்தார். வண்டி விக்கிரவாண்டியில் நின்றது. ஏறுகிறவர்களுக்கு இடம் விட்டு நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.